கரிசல் மண் விழுங்கும் வெயிலும் கயோலின் தெளிப்பும்

பாஞ்சாலங்குறிச்சி, ஓட்டப்பிடாரம், எட்டயபுரம், விளாத்திகுளம், கோவில்பட்டி வட்டாரங்களில் மானாவாரி விவசாயம் ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே நடைபெறுகிறது. ஆண்டு மழை 700 மி.மீ.யை ஒட்டியது, அதில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில் கிடைப்பது. மார்கழி பிறந்து மேகம் விலகிவிட்டால், அதன் பிறகு பயிர் குடிப்பதெல்லாம் கரிசல் மண் தன் வயிற்றில் தேக்கி வைத்த ஈரத்தைத்தான். அப்போது பருத்தி சப்பையும் பூவுமாக நிற்கும். சோளம் பொதிப்பருவத்திலோ பால் பிடிக்கும் தறுவாயிலோ இருக்கும். இன்னும் ஒரு மழை பெய்தால் போதும் என்று வானத்தைப் பார்த்தபடி இருக்கும் நாட்கள் அவை.

இப்படிப்பட்ட நாட்களில் வறட்சியைத் தாங்குவதற்காகப் பயிரின்மேல் கயோலின் என்னும் வெண்களியை நீரில் கரைத்துத் தெளிக்கலாம் என்று பரிந்துரைக்கப்படுகிறது. இதைக் கேட்ட கரிசல் காட்டு விவசாயி ஒருவர், "வீட்டுச் சுவருக்கு வெள்ளை அடிக்கிறதுபோல இலைக்கு அடிக்கச் சொல்கிறீர்களே ஐயா, செடி கருகிப் போகாதா? சுவருக்கு நிழலா கிடைக்கிறது, இலைக்குக் கிடைக்க?" என்றார். நியாயமான கேள்விதான். வெள்ளை நிறம் வெயிலை என்ன செய்கிறது, கருப்பு நிறம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால், இந்தத் தெளிப்பு எப்போது பயன்படும், எப்போது வீண் செலவு என்பதும் தானே விளங்கும்.

வெயில் ஒன்று, வரவு வேறு

ஒரே நாளில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்து நிலங்களின் மேல் விழும் வெயிலின் அளவு ஒன்றேதான். ஆனால் நிலம் அதனை முழுவதும் வாங்கிக்கொள்வதில்லை. ஒரு பகுதியை வந்த வழியே வானத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறது. விழும் வெயிலில் நூற்றுக்கு எத்தனை பங்கு திரும்பிச் செல்கிறது என்ற கணக்கை 'அல்பிடோ' என்பர். வெண்மை என்று பொருள்படும் இலத்தீன் சொல் அது. நாம் இங்கு 'திருப்பும் பங்கு' என்றே குறிப்பிடுவோம்.

உலகில் மிகுதியாகத் திருப்பும் இயற்கைப் பரப்பு புதிதாகப் பெய்த பனிதான். நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு வரை அது திருப்பிவிடும். பழசாகி, நனைந்து, தூசி படிந்த பனி 40, 50 பங்குக்கு இறங்கிவிடும். கடற்கரை வெண்மணல் உலர்ந்திருக்கும்போது சுமார் 35 பங்கும், பசுமையாக மூடி நிற்கும் பயிர் 18 முதல் 25 பங்கும் திருப்பும். உலர்ந்த கரிசல் மண் 10 முதல் 15 பங்கு வரை. அதே மண் மழையில் நனைந்துவிட்டால் 10-க்கும் கீழே. அதாவது நனைந்த கரிசல் நூற்றில் தொண்ணூறு பங்குக்கு மேல் வெயிலை விழுங்கிவிடுகிறது. நல்ல சுண்ணாம்பு பூசிய வெண்சுவரோ 70, 80 பங்கைத் திருப்புகிறது. நம் ஊரில் பனி பெய்யாவிட்டாலும், பனியின் குணமுள்ள பரப்பு ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் இருக்கிறது.

கல் உப்பும் தும்பைப் பூவும்

பனி ஏன் வெள்ளையாக இருக்கிறது? பனி என்பது தண்ணீர் உறைந்த சிறு படிகங்களின் குவியல். தனி ஒரு பனிக்கட்டியை எடுத்துப் பார்த்தால் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும், வெள்ளையாக இராது. இதனைச் சோதிக்க இமயமலைக்குப் போகவேண்டியதில்லை, அடுப்படிக்குப் போனால் போதும். பெரிய கல் உப்பில் தெளிவான ஒன்றைப் பொறுக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒளி ஊடுருவிச் செல்லும். அதனையே அம்மியில் வைத்து நுணுக்கினால் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். எந்த வெள்ளைப் பொருளையும் அதில் நாம் சேர்க்கவில்லை. சேர்ந்தது காற்று மட்டும்தான்.

ஒளியானது காற்றிலிருந்து உப்புக்குள் நுழையும்போதும், உப்பிலிருந்து காற்றுக்கு வரும்போதும் ஒவ்வொரு முறையும் சிறிதளவு எதிரே திரும்புகிறது. ஒரே கல்லாக இருந்தால் திரும்புவது இரண்டே இடங்களில். தூளாக்கிவிட்டால் ஆயிரக்கணக்கான முகப்புகள் உண்டாகின்றன. ஒளி அங்கும் இங்கும் மோதித் திரும்பித் திரும்பிக் கடைசியில் பெரும்பகுதி வெளியே வந்துவிடுகிறது. எல்லா நிறமும் சமமாகத் திரும்புவதால் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. பனியின் வெண்மையும், சோப்பு நுரையின் வெண்மையும், தும்பைப் பூவின் வெண்மையும் இந்த வகைதான். தும்பை இதழைக் கசக்கிப் பாருங்கள்; உள்ளிருக்கும் காற்று வெளியேறி, நீர் கசிந்து, வெண்மை போய்விடும்.

நனைந்த மண் கறுத்துப்போவதற்கும் இதுவே காரணம். மண் துகள்களுக்கு இடையே இருந்த காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. அதனால் ஒளி திரும்பும் வாய்ப்புக் குறைந்து, உள்ளே ஆழமாகச் சென்று விழுங்கப்பட்டுவிடுகிறது. மழை பெய்த மறுநாள் கரிசல் காடு மைபோலத் தெரிவதும், பத்து நாள் காய்ந்தபின் சாம்பல் பூத்ததுபோல வெளிறுவதும் நீங்கள் ஆண்டுதோறும் காணும் காட்சிகள். அந்த நிறமாற்றத்தைக் கொண்டே மேல்மண் ஈரத்தை எடைபோடும் பழக்கம் நம் பெரியவர்களிடம் உண்டு.

தூத்துக்குடி உப்பளங்களும் பனிமலையும்

பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தூத்துக்குடிப் பக்கம் போனால், கருநிலம் முடிந்து உப்பளங்கள் வந்துவிடும். கோடையில் உப்புக் குவியல்களுக்கிடையே நண்பகலில் நிற்க முடியாது. மேலே ஒரு சூரியன், கீழே ஒரு சூரியன் என்பதுபோல் கண் கூசும். உப்பு வாரும் தொழிலாளர்களுக்குக் கண் எரிச்சலும் கண் நோவும் ஏற்படுவது இதனால்தான். அவர்களுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுக்கவேண்டும் என்று சொல்வது ஆடம்பரத்துக்காக அல்ல. பனிமலைகளில் நடப்பவர்களுக்கும் இதே தொல்லை உண்டு; கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளாமல் பகல் முழுவதும் வெண்பனியில் நடந்தால் தற்காலிகமாகப் பார்வையே மங்கிவிடும்.

கருப்பு எவ்வளவு விழுங்கும் என்பதை அமெரிக்காவின் பெஞ்சமின் பிராங்க்ளின் எளிய முறையில் சோதித்தார். வெயில் அடித்த ஒரு காலையில் பல நிறத் துணித்துண்டுகளைப் பனியின்மேல் விரித்து வைத்தார். சில மணி நேரத்தில் கருப்புத் துணி பனியை உருக்கி ஆழமாக இறங்கிவிட்டது. மற்ற நிறங்கள் அவற்றின் அடர்த்திக்கு ஏற்ப இறங்கின. வெள்ளைத் துணி வைத்த இடத்திலேயே இருந்தது. இதனை 1761-இல் ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

நம் நாட்டு உழவர்கள் இதனை எந்தப் புத்தகமும் படிக்காமலே கையாண்டு வருகிறார்கள். லடாக்கைச் சேர்ந்த சன்ஸ்கார் பள்ளத்தாக்கில் குளிர்காலம் நீண்டது. பயிர்க்காலம் மிகக் குறுகியது. பனி தானாக உருகும்வரை காத்திருந்தால் பார்லி விதைக்கும் பருவம் தப்பிவிடும். ஆகவே பனி விழுமுன்பே மண்ணைச் சேமித்து வைத்து, வசந்தம் வந்ததும் வயலை மூடியிருக்கும் பனியின்மேல் கூடை கூடையாகத் தூவுகிறார்கள். மண் வெயிலை விழுங்கிப் பனியை உருக்குகிறது, விதைப்பு முந்துகிறது. இமயத்தின் பனியில் புகைக்கரியும் தூசியும் படிவதால் பனி விரைவாக உருகுகிறது என்று இன்று விஞ்ஞானிகள் கவலைப்படுவதும் இதே விதியினால்தான். அங்கே வெண்பனியின்மேல் கருமண். நமக்கு வேண்டியதோ நேர் எதிரானது.

கருநிலம் காணும் சூடு

கரிசலின் கருமைக்கு மக்குப்பொருள் மிகுதிதான் காரணம் என்று பலர் நினைப்பதுண்டு. உண்மையில் நம் மானாவாரிக் கரிசலில் மக்கு குறைவு. இருக்கும் சிறிதளவு மக்கும் நுண்ணிய களியோடு இறுகப் பிணைந்திருப்பதுதான் இந்த நிறத்தைக் கொடுக்கிறது. எனவே கருமையைப் பார்த்து உரம் நிறைந்த மண் என்று தொழு உரத்தைக் குறைத்துவிடக்கூடாது.

மண் ஈரமாக இருக்கும்வரை விழுங்கிய வெயிலில் பெரும்பங்கு அந்த ஈரத்தை ஆவியாக்குவதில் செலவாகும். ஈரம் தீர்ந்தபின் அதே வெயில் முழுவதும் சூடாக மாறும். சித்திரை நண்பகலில் காய்ந்த வெற்றுக் கரிசலின் மேற்பரப்பு 60 டிகிரி செல்சியசைத் தாண்டுவது உண்டு. வெறுங்காலுடன் நடந்தவர்களுக்கு வெப்பமானி தேவையில்லை. ஆழத்தில் இந்தச் சூடு வேகமாகக் குறையும். புரட்டாசியில் மழைக்கு முன்பே விதைக்கும்போது, விதையை மேலாக விடாமல் 5 செ.மீ. ஆழத்தில் விடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கருமண்ணை வெள்ளையாக்கினால் என்ன ஆகும் என்ற சோதனையும் நம் நாட்டிலேயே நடந்திருக்கிறது. 1930-களில் புனேயில் வேளாண் வானிலை ஆராய்ச்சியை நடத்திவந்த எல். ஏ. ராமதாஸ், அங்குள்ள கரிசல் மண்ணின்மேல் வெள்ளைத் தூளை மெல்லிதாகத் தூவிப் பார்த்தார். தூள் தூவிய பகுதியின் மண் சூடு தூவாத பகுதியைவிடப் பல டிகிரி குறைந்திருந்தது. உரமோ நீரோ அல்ல, நிறம் ஒன்று மாறியதே அதற்குப் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் காடு முழுவதும் வெள்ளைத் தூள் தூவலாமே என்று கேட்கத் தோன்றும். தூவலாம், ஆனால் ஒரு காற்றிலும் ஓர் உழவிலும் போய்விடும். மேலும் மண் திருப்பி அனுப்பும் ஒளி நேரே வானத்துக்குப் போய்விடுவதில்லை. வழியில் நிற்கும் பயிரின் அடியிலைகளில் படுகிறது. ஆகவே வெண்மையை மண்ணில் வைப்பதைவிட இலையின் மேற்புறத்தில் வைப்பதே பொருத்தம்.

இலையின்மேல் வெண்களி

கயோலின் என்பது வெண்மையான, நயமான களி. பீங்கான் செய்வதற்கும் காகிதம் மெருகேற்றுவதற்கும் பயன்படுவது. கார குணம் இல்லாதது. சுவருக்கு அடிக்கும் சுண்ணாம்போ காரமுடையது, இலையைக் கருக்கிவிடும். நண்பரின் அச்சம் சுண்ணாம்பைப் பொறுத்தவரை மிகவும் சரி. மலிவாகக் கிடைக்கிறதே என்று கயோலினுக்குப் பதிலாகச் சுண்ணாம்புக் கரைசலை எக்காரணம் கொண்டும் பயிருக்குத் தெளிக்கக்கூடாது.

இலையில் படிந்த கயோலின் துகள்கள், நுணுக்கிய உப்பு செய்யும் வேலையைத்தான் செய்கின்றன. வெயிலில் ஒரு பகுதியைத் திருப்பிவிடுவதால் இலையின் சூடு சில டிகிரி தணிகிறது. சூடு தணிந்தால் இலைத்துளைகள் வழியாக நீர் ஆவியாவதும் குறைகிறது. பருத்தி இலையின் மேற்புறத்தைவிட அடிப்புறத்தில் இலைத்துளைகள் அதிகம். மேலிருந்து தெளிப்பதால் அடிப்புறத் துளைகள் அடைபடுவதில்லை. செடி மூச்சுத் திணறுவதும் இல்லை.

எவ்வளவு நீர் மிச்சமாகும்? இதனைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். மேகமில்லாத ஒரு நாளில் ஒரு சதுர மீட்டர் நிலத்தின்மேல் விழும் வெயிலின் ஆற்றல் ஏறத்தாழ 20 மெகாஜூல். ஒரு லிட்டர் நீரை ஆவியாக்க சுமார் 2.45 மெகாஜூல் தேவை. விழும் வெயில் முழுவதும் நீரை ஆவியாக்கவே செலவானால் சதுர மீட்டருக்கு 8 லிட்டர் போய்விடும். இனி, தெளிப்பின் காரணமாகத் திருப்பும் பங்கு 20-லிருந்து 30-ஆக உயர்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாகத் திரும்பும் ஆற்றல் 2 மெகாஜூல். அதாவது சதுர மீட்டருக்கு 0.8 லிட்டர், ஏக்கருக்கு 3,200 லிட்டர். இது மேல்வரம்பு. காற்றின் சூட்டிலும், மண்ணின் சூட்டிலும், களி படியாத இலைகளிலும் கழியும் பங்கை நீக்கிப் பாதி தேறும் என்று கொண்டால் நாளொன்றுக்கு 1,600 லிட்டர். பத்து நாளில் 16,000 லிட்டர்.

கேட்பதற்குப் பெரிய தொகையாகத் தோன்றும். மழை அளவில் சொன்னால் இது 4 மி.மீ.தான். ஒரு தூறல்! வறட்சியில் நாளைக்கு 2 மி.மீ. அளவில் செலவழிக்கும் பயிருக்கு இது இரண்டு நாள் நீர். இது தாளில் போட்ட கணக்கே தவிர வயலில் அளந்ததல்ல. உங்கள் வயலில் கூடவோ குறையவோ இருக்கலாம். ஆனால் கயோலின் மழையைக் கொண்டு வராது, மழை வரும்வரை பயிருக்குச் சில நாள் தவணை வாங்கித் தரும் என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. பூக்கும் பருவத்தில் அந்தச் சில நாட்களே சப்பை உதிர்வதற்கும் நிற்பதற்கும் உள்ள வேறுபாடாக இருக்கக்கூடும். அதற்குமேல் ஆசைப்பட்டுச் செலவு செய்பவர்கள் ஏமாந்து போவார்கள்.

எப்போது, எப்படி?

பயிரே நாள் சொல்லும். நண்பகலில் இலை துவண்டு, மாலையில் நிமிர்ந்துவிட்டால் மண்ணில் இன்னும் ஈரம் இருக்கிறது. சிக்கனம் செய்ய ஏதோ மிச்சம் உண்டு என்று பொருள். தெளிப்பதற்கு ஏற்ற தருணம் அதுவே. மறுநாள் விடியற்காலையிலும் இலை துவண்டே கிடந்தால் காலம் கடந்துவிட்டது. காலிப் பானைக்கு மூடி போட்டு என்ன பயன்? அந்தச் செலவை மிச்சப்படுத்துவதே மேல். அதுபோல மண்ணில் ஈரம் நிறைய இருக்கும்போதும், வானம் மூடியிருக்கும்போதும் தெளிக்கவேண்டாம். இலை உணவு தயாரிக்க வெளிச்சம் வேண்டும். ஈரமும் தெம்பும் உள்ள பயிரின் வெளிச்சத்தை நாமே மறைப்பது நட்டம். வாடும் பயிர் இலைத்துளைகளைப் பாதி மூடிக்கொண்டு நிற்பதால் நண்பகல் வெளிச்சம் முழுவதையும் அதனால் பயன்படுத்த முடிவதில்லை. அந்த மிகையைத்தான் நாம் திருப்பி அனுப்புகிறோம். சோளம் கடும் வெயிலையும் நன்கு பயன்படுத்திக்கொள்ளும் பயிர். ஆகவே பருத்தியைவிடச் சோளத்தில் கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத் தெளிக்கலாம்.

கரைசலின் அளவு 3 சதம், அதாவது லிட்டர் நீருக்கு 30 கிராம் கயோலின். கைத்தெளிப்பானுக்கு ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல் வேண்டும். அதற்கு 6 கிலோ கயோலின் தேவைப்படும். முதலில் சிறிது நீரில் கூழ்போலக் குழைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிப் பிறகு மீதி நீரைச் சேர்க்கவேண்டும். லிட்டருக்கு 1 மி.லி. வீதம் டீப்பால் போன்ற ஒட்டும் திரவம் கலந்தால் களி இலையில் சீராகப் படியும். இது கரையும் பொருளல்ல, மிதக்கும் பொருள். தெளிப்பானை அடிக்கடி குலுக்காவிட்டால் களி அடியில் தங்கி நாசிலை அடைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் வெறும் நீரும் கடைசியில் சேறுமாக அடித்துவிட்டு மருந்தைக் குறைசொல்பவர்கள் உண்டு. காலையிலோ மாலையிலோ, மேலிலைகள் நனையும்படி தெளித்தால் போதும். புதிதாக விடும் இலைகளில் பூச்சு இராது. வறட்சி நீடித்துப் பயிரும் இலை விட்டுக்கொண்டிருந்தால் இரு வாரம் கழித்து மறுபடி தெளிக்கலாம். நல்ல மழை பெய்தால் களி கழுவிக்கொண்டு போய்விடும், அதுவும் நல்லதற்கே. பருத்தியில் காய் வெடிக்கத் தொடங்கியபின் தெளிக்கக்கூடாது. பஞ்சில் களி படிந்தால் தரம் கெட்டு விலை இறங்கும்.

கயோலினைவிடக் கடினமான சங்கதி அந்த 200 லிட்டர் நீர்தான். ஊருணியும் வற்றிய காலத்தில் காட்டுக்கு நீர் சுமப்பது எளிதல்ல. பண்ணைக்குட்டை உள்ளவர்களுக்கு இந்தத் தெளிப்பு கைகொடுக்கும். இல்லாதவர்கள் நிலப்போர்வையைப் பற்றி யோசிக்கலாம். சோளத்தட்டையும் சருகும் கரிசலைவிட இரண்டு மடங்குக்கு மேல் வெயிலைத் திருப்பும். அதோடு வெயிலும் காற்றும் மண்ணைத் தொடாமல் மறைக்கும். வெடிப்பு விடுவதையும் குறைக்கும். ஈரத்தைக் காப்பதில் இந்த மறைப்பே திருப்புதலைவிடப் பெரிய வேலை. ஏக்கருக்கு 2 டன் தட்டை பரப்பினால் பலன் கண்கூடாகத் தெரியும். ஆனால் தட்டையை மண்ணுக்குப் போட்டால் மாட்டுக்கு எதைப் போடுவது என்ற கேள்விக்குக் கரிசல் காட்டில் எளிதான பதில் இல்லை. மாடு தின்னாத பருத்திமாரையாவது எரித்துவிடாமல் துண்டாக்கி வரிசைகளுக்கிடையே பரப்பலாம். முந்திய ஆண்டின் மாரை அடுப்புக்கென்று அடுக்கி வைத்திருப்பவர்கள், எரிவாயு வந்துவிட்ட வீடுகளில் இதற்கு ஒரு பகுதியை ஒதுக்குவது நடக்கக்கூடியதே.

முதல் ஆண்டிலேயே காடு முழுவதும் கயோலின் தெளிக்கவேண்டாம். ஒரே மண்வளமுள்ள இடமாகப் பார்த்து ஆறு வரிசைக்குத் தெளித்து, அடுத்த ஆறு வரிசையை அப்படியே விடுங்கள். இவ்வாறு மூன்று இடங்களில் செய்து, முனையில் குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். மழை இல்லாத நாட்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு இரண்டு பட்டங்களிலும் இலையைத் தொட்டுப் பாருங்கள். எந்தப் பட்டம் மாலையில் முந்தி நிமிர்கிறது என்று கவனியுங்கள். உதிர்ந்த சப்பைகளை வரிசைக்கு வரிசை எண்ணுங்கள். பருத்தி எடுக்கும்போது இரண்டையும் தனித்தனிச் சாக்கில் எடுத்து நிறுங்கள். கூடுதல் மகசூலின் மதிப்பையும், களி, நீர், ஆள் கூலி மூன்றின் செலவையும் ஒரே தாளில் குறித்து வைத்தால் அடுத்த மார்கழிக்கு என்ன செய்வது என்பதை அந்தத் தாளைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.